மீன் துண்டுக்கு யார் தகுதி?

நாட்டின் நிதி நெருக்கடியைத் தீர்த்தே விடுவது என்று அழகுமலை முடிவு செய்தது ஒரு கார்த்திகை மாதக் காலையில், முத்துராமன் டீக்கடையில், இரண்டாவது டீக்கும் முதல் வடைக்கும் நடுவில். குன்றாண்டார்கோவிலில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது அந்தக் கடை. டெல்லியிலும் சென்னையிலும் படித்தவர்கள் கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயங்கள் எல்லாம் அங்கே வடை ஆறுவதற்குள் தீர்ந்துவிடும்.

"பேப்பரப் பாத்தியா முத்துராமா? கஜானாவுல காசு இல்லையாம். வட்டி கட்டுறதுக்கே கடன் வாங்குறாகளாம். ஏன்? எல்லாம் இந்த இலவசம்! பொம்பளைகளுக்கு மாசம் ஆயிரம். பஸ்ஸுல ஓசி. ரேசன்ல ஓசி. நூறு நாள் வேலைன்னு போயி மரத்தடியில ஒக்காந்துட்டு வந்தாக் கூலி. நாடு எப்பிடி வெளங்கும்?"

முத்துராமன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஒங்க போர் மோட்டாருக்குக் கரண்டு பில்லு வருதாண்ணே?"

"அது விவசாயிக்கு உரிமை."

"வருசத்துக்கு மூணு தடவை ஒங்க கணக்குல ரெண்டாயிரம் ஏறுதே?"

"அது மரியாதை. சோறு போடுறவனுக்குச் செய்யிற மரியாதை."

"சொசைட்டிக் கடன் தள்ளுபடி ஆச்சே?"

"அது நிவாரணம். ஒனக்கு எக்கனாமிக்ஸ் தெரியாது. நீ டீயப் போடு."

அழகுமலையின் எக்கனாமிக்ஸ் எளிமையானது. அவருக்கு வந்தால் உரிமை. அடுத்தவருக்கு வந்தால் இலவசம். பெண்டாட்டிக்கு வந்தால் நாட்டைப் பிடித்த பீடை.

அவருடைய பெண்டாட்டி செவந்திக்கு மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. பதினைந்தாம் தேதி வாக்கில் அவளுடைய போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, யாரிடமும் கை நீட்டாமல் அவளைத் தேடி வந்த முதல் காசு அதுதான். அதற்கு முன்பு பிறந்த வீட்டுக்குப் போய்வரப் பஸ் காசு வேண்டுமென்றால்கூட, "என்னங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். எதற்கு, யாருக்கு, போன மாதம்தானே போனாய் என்று ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். கமிஷன் அறிக்கை வருவதற்குள் பஸ் போய்விடும். இப்போது அந்த "என்னங்க" வெகுவாகக் குறைந்துவிட்டது. அழகுமலைக்கு வலித்த இடம் அதுதான். அரசாங்கத்தின் கஜானா காலியானதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. வீட்டில் தன் கஜானாவுக்கு முன்னால் வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. இதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதால் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்கு இன்னொரு உயிர் உண்டு. அதன் பெயர் ஜமீன். ஜல்லிக்கட்டுக் காளை. காலையில் பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், பச்சை முட்டை; சாயங்காலம் மறுபடியும் அதே. அந்த வீட்டில் முட்டை முதலில் காளைக்கு, மிச்சம் இருந்தால் மனிதருக்கு. போன தை மாதம் பக்கத்து ஊர் வாடிவாசலில் ஜமீனை அவிழ்த்துவிட்டபோது மைக்கில் ஒரு குரல் வந்தது: "அழகுமலை காளை வருதுடோய்! தொட்டுப்பாரு! முடிஞ்சாத் தொட்டுப்பாரு!" ஒருவன் அலட்டிக்கொள்ளாமல் வந்து தொட்டான். அதோடு திமிலைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் போய்ப் பரிசும் வாங்கினான். அது வேறு விஷயம். மைக்கில் பெயர் வந்ததே! அழகுமலை அந்தக் குரலைப் போனில் பதிவு செய்து, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். யார் கூப்பிட்டாலும் உடனே எடுக்கமாட்டார். பஸ்ஸில் இருந்தால் எடுக்கவே மாட்டார். வருகிற தையிலும் அந்த மைக்கில் தன் பெயர் வரவேண்டும், இந்த முறை காளை பிடிபடக் கூடாது. அவர் உயிரோடு இருப்பதற்கு அப்போது இருந்த காரணம் அது ஒன்றுதான்.

டீக்கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

"செவந்தி! இங்கிட்டு வா. முக்கியமான அறிவிப்பு."

செவந்தி கரண்டியோடு வந்தாள். "உலை கொதிக்குது. சுருக்கா அறிவிங்க."

"ஒனக்குத்தான் கவர்மெண்டு மாசம் ஆயிரம் குடுக்குதுல்ல?"

"ஆமாங்க."

"அப்ப வீட்டுச் செலவுக்கு நான் குடுக்குறதுல ஆயிரத்தக் கொறச்சுக்கிறேன். ஒரே ஆளு ரெண்டு எடத்துல பயன் வாங்கக் கூடாது. ஒலகம் பூரா இதுக்கு மானியச் சீரமைப்புன்னு பேரு."

"மிச்சமாகுற ஆயிரம் எங்கிட்டுப் போகும்?"

"ஜமீனுக்கு. தை வருதுல்ல, பேரிச்சம்பழம் என்னா வெலை விக்கிது!"

"அது செலவு இல்லையாங்க?"

"அது மூலதனச் செலவு. நாளைக்குப் பரிசா திரும்பி வரும். இந்தச் சோறு, கொழம்பு, காப்பி இதெல்லாம் வெறுஞ் செலவு. தின்னாப் போச்சு."

 "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செவந்தி உலையைப் பார்க்கப் போனாள்.

அழகுமலை இதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். செவந்தியின் "சரிங்க"வில் பல ரகம் உண்டு. சில சமயம் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். சில சமயம், தொணதொணக்காமல் போங்கள் என்று அர்த்தம். அரிதாக, 'இருங்க வாரேன்' என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் ரகம் பிரிக்கத் தெரியாத மனிதரை நாம் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் காப்பி வரவில்லை.

"செவந்தி, காப்பி?"

"கடையில டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன். அதுக்கென்ன?"

"அப்பத் தகுதி இல்லைங்க. ஒரே ஆளு ரெண்டு எடத்துல பயன் வாங்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதான அறிவிச்சீங்க?"

"ஏய், ஒரு டம்ளர் காப்பிக்கெல்லாமா தகுதி?"

"நிதி நெருக்கடிங்க. எல்லாத்துக்கும் குடுத்தாக் கட்டுப்படியாகாது. உண்மையிலேயே இல்லாதப்பட்டவுகளுக்கு மட்டுந்தான்."

அழகுமலை சிரித்துவிட்டார். பெண்டாட்டிக்கும் எக்கனாமிக்ஸ் வருகிறதே என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. புதன்கிழமை வரைக்கும்தான் அந்தப் பெருமை.

புதன்கிழமை ஜெகதாப்பட்டினத்து மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, பைக்கில் ஊருக்குள் வரும் நாள். அன்று அழகுமலை வயலில் இருந்து சீக்கிரம் வருவார். தெருமுனையிலேயே மூக்கு வீட்டுக்குள் போய்விடும். கை கால் கழுவி, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செவந்தி சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். நன்றாகவே ஊற்றினாள். அழகுமலை குழம்புக்குள் விரலை விட்டுத் தேடினார். இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். ஒரு மாங்காய்த் துண்டு மட்டும் அகப்பட்டது.

"மீன் எங்க?"

"கொழம்பு எல்லாருக்கும் உண்டுங்க. துண்டு மட்டும் தகுதி உள்ளவுகளுக்கு."

"யாருடி அந்தத் தகுதி உள்ளவுக?"

"சொந்த வருமானம் இல்லாதவுக. இந்த வீட்டுல நான் ஒருத்திதான்."

"ஒனக்குத்தான் ஆயிரம் வருதே!"

"அத நீங்க கழிச்சுக்கிட்டீங்களே. எம்பேருல வந்து ஒங்க பையில சேருது. அப்ப அது யாரு வருமானம்?"

அழகுமலை இதற்கு ஒரு பதில் யோசித்தார். நல்ல பதிலாகத்தான் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் செவந்தி அவர் எதிரிலேயே உட்கார்ந்து, பாறை மீன் துண்டு ஒன்றை முள் எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"இது அநியாயம் செவந்தி!"

"மேல்முறையீடு பண்ணிக்கலாங்க. கள ஆய்வுக்கு ஆளு வரும்."

அடுத்த வீட்டுச் சொர்ணவல்லிதான் அந்த ஆள். மகளிர் குழுத் தலைவி. முதல் தடவை உரிமைத் தொகைக்கு அவள் போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்து, கள ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி வாங்கியவள். என்ன கேட்பார்கள், எங்கே எட்டிப் பார்ப்பார்கள், பீரோவைத் தட்டிப் பார்ப்பார்களா என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று செவந்தி அறிவித்துவிட்டாள்.

இலவசம் வாங்குகிறவர்கள் எல்லாம் வீட்டில் உள்ளதை மறைத்துவைத்துக்கொண்டு அரசாங்கத்தை ஏய்க்கிறார்கள் என்று டீக்கடையில் முழங்கியவர்தான் அழகுமலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மோதிரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். வாட்ச்சைத் தலையணைக்குள் திணித்தார். பரண்மேல் இருந்த கிழிந்த பனியனைத் தேடி எடுத்து, அந்தக் கிழிசல் போதாதென்று பட்டதால் இன்னும் கொஞ்சம் கிழித்துப் போட்டுக்கொண்டார். வெறுந்தரையில் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டு, கும்பாவில் பழைய சோறும் ஒரு வெங்காயமும் வைத்துக்கொண்டார். மீன் துண்டு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

சொர்ணவல்லி உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"என்னண்ணே, மோதிரத்தக் காணோம்? வெரல்ல தடம் மட்டும் இருக்கு."

"வித்துட்டேம்மா. கஷ்டம்."

"நேத்து டீக்கடையில போட்டிருந்தீங்களே?"

"நேத்து சாயங்காலந்தான் வித்தேன். கஷ்டம் திடீர்னு வந்துருச்சு."

"ஐயோ பாவம். வேற வசதி வாய்ப்பு ஏதும் இருக்காண்ணே?"

"ஒண்ணும் இல்ல தாயி. நானும் இந்தக் கும்பாவுந்தான்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "அழகுமலை காளை வருதுடோய்! தொட்டுப்பாரு! முடிஞ்சாத் தொட்டுப்பாரு!" அழகுமலை பாய்ந்து போனை அமுக்கினார். எந்தப் பொத்தானை அமுக்கினாரோ, சத்தம் இன்னும் கூடியது. அடுப்படிக்குள் இருந்து கூப்பிட்டது செவந்திதான் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சொர்ணவல்லி நேராகக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். ஜமீன் தன் தொட்டியில் முட்டையும் பேரீச்சம்பழமும் கலந்ததை மென்றுகொண்டு நின்றது. கிழிந்த பனியனோடு பின்னாலேயே ஓடிவந்த எசமானை அது அடையாளம் தெரியாததுபோல் பார்த்தது.

"காளைக்கு முட்டை போடுற வீடு எந்த வறுமைக் கோட்டுக்குக் கீழயும் வராதுண்ணே. நாலு சக்கர வண்டி இருந்தாலே மனுவத் தள்ளுறாக. இம்புட்டுப் பெரிய காளைய வச்சுக்கிட்டு நான் எப்பிடிப் பரிந்துரை பண்றது? நாளைக்கு எம்மேலதான் புகார் வரும்."

"ஒரே ஒரு துண்டும்மா. வாலுத் துண்டாக்கூட இருக்கட்டும்."

"விதிமுறைண்ணே. சொத்து யாரு பேருல இருக்கோ, அவுகளுக்குத் தகுதி இல்ல. அம்புட்டுத்தான்." இதைச் சொல்லிவிட்டு அவள் போனாள். போகும்போது செவந்தியின் கையிலிருந்து காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அழகுமலை கொட்டகையிலேயே நின்றுவிட்டார். சொத்து யாரு பேருல இருக்கோ. அவர் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அது எப்போதாவது எரிகிற பல்பு என்பதால் அவருக்கே கண் கூசியது.

ஜல்லிக்கட்டுக்கு இப்போது சும்மா காளையை ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. ஆன்லைனில் பதிய வேண்டும். உரிமையாளரின் ஆதார், காளையும் உரிமையாளரும் சேர்ந்து நிற்கிற போட்டோ, கால்நடை டாக்டரின் சான்று, எல்லாம் ஏற்றினால்தான் டோக்கன். இந்த வருஷப் பதிவுக்கு இன்னும் நாள் இருந்தது. பேசாமல் ஜமீனைச் செவந்தி பேரில் பதிந்துவிட்டால்? சொத்து அவளுடையது. அவளுக்குத் தகுதி போச்சு. தான் சொத்து இல்லாத ஏழை; வயல் கணக்கில் வராது, அது விவசாயிக்கு உரிமை. காப்பி, மீன் இரண்டுக்கும் தகுதி வந்தாச்சு. அதோடு காளைக்குத் தீனி போடுவது உரிமையாளர் பொறுப்பு; அவளுடைய ஆயிரம் அதற்கே சரியாகப் போய்விடும். இதைக் கண்டுபிடித்த மனிதன் குன்றாண்டார்கோவிலில் இருக்க, நாட்டின் நிதித் துறையை யார் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். டோக்கனில் செவந்தி பெயர் இருந்தால் மைக்கில் யார் பெயர் வரும்? அதற்கும் வழி இருந்தது. வாடிவாசல் மைக்கில் வழக்கமாகப் பேசுகிற கார்முகில் தெரிந்த பையன். தோளில் ஒரு துண்டைப் போட்டு, பையில் கொஞ்சம் சொருகினால் போதும். யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லுவான்.

"செவந்தி, ஜமீன ஒம்பேருக்கு எழுதிரலாம்னு இருக்கேன்."

"என்னங்க திடீர்னு?"

"பொம்பளைகளுக்கும் சொத்துல உரிமை வேணும்ல. நானே அத நெனைக்கலைன்னா வேற யாரு நெனைப்பா?"

செவந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று அழகுமலை நினைத்தார். "சரிங்க" என்றாள்.

போட்டோ எடுக்கிற அன்றைக்குத்தான் ஒரு சங்கடம் நடந்தது. ஜமீன் பக்கத்தில் தன்னைத் தவிர யாரும் போக முடியாது, குத்திக் குடலை எடுத்துவிடும் என்று அழகுமலை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். போட்டோக்காரர் தயாரானதும் இவர் போய்க் கயிற்றைப் பிடித்தார். காளை புஸ்ஸென்று சீறி ஒரு முட்டு முட்ட வந்தது. செவந்தி போய் நின்றாள். அது தலையைத் தாழ்த்தி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு அழகாக நின்றது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சாணி அள்ளுவது, தண்ணி காட்டுவது, உண்ணி பிடுங்குவது எல்லாம் இத்தனை நாளும் அவள்தான். அழகுமலையின் பங்கு, பெருமைப்படுவது.

பதிவு முடிந்த வாரமே அவருக்குக் காப்பி வந்தது, கடையில் டீ குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. புதன்கிழமை இலையில் ஒரு மீன் துண்டும் விழுந்தது. வால் துண்டுதான், ஆனாலும் துண்டு. அவர் அதைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, கடைசி அம்பையும் விட்டார்.

"செவந்தி, இனிமே ஜமீனுக்குத் தீனி ஒம்பொறுப்பு. ஓனர் நீதான?"

"சரிங்க. எங்காளைக்கு நான் போடாம யாரு போடுவா?"

மறுநாளே புது உரிமையாளர் சிக்கன நடவடிக்கை எடுத்தாள். பேரீச்சம்பழம் ரத்து. முட்டை ரத்து. தவிடு, புண்ணாக்கு, பச்சைப் புல். காலையில் வரப்புமேல் நடை, சாயங்காலம் கண்மாயில் நீச்சல். முட்டையெல்லாம் மனிதர் இலைக்கு வந்தது. அழகுமலை பதறிப்போனார். "ஏய், அது ஜல்லிக்கட்டுக் காளைடி! ரேசன்ல அளந்து போடுற மாடு இல்ல!" என்று கத்தினார். ஆனால் ஆம்லெட்டை மிச்சம் வைக்கவில்லை. தை பிறப்பதற்குள் ஜமீனுக்குப் போட்டிருந்த தொந்தி கரைந்து, இடுப்பு ஒடுங்கி, கால் தரையில் நிற்காமல் துள்ளியது. போன வருஷம் ஒருத்தன் அலட்டிக்கொள்ளாமல் வந்து தொட்டது ஏன் என்று அழகுமலைக்கு லேசாகப் புரிந்தது. புரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாடிவாசல் அன்று குட்டியானை வண்டியில் ஜமீனை ஏற்றிக்கொண்டு அழகுமலை விடிந்ததும் போய்ச் சேர்ந்தார். செவந்தியும் சொர்ணவல்லியும் குழுப் பெண்களும் பின்னால் ஓசிப் பஸ்ஸில் வந்தார்கள். அழகுமலை நேராக மேடைக்குப் போய்க் கார்முகிலின் தோளில் புதுத் துண்டைப் போட்டார். பையில் சொருக வேண்டியதைச் சொருகினார்.

"தம்பி, டோக்கன்ல எந்தப் பேரு வேணா இருக்கட்டும். வாயில அழகுமலை வரணும்."

"கவலைய விடுங்கண்ணே. ஊரே அதிரும்."

ஜமீனின் முறை வந்தது. அழகுமலை வாடிக்குள் கயிற்றை அறுத்துவிட்டு, வெளியே ஓடிவந்து, போனில் பதிவுப் பொத்தானை அமுக்கி உயரப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.  மைக் கரகரத்தது.

"அடுத்து வாரது குன்றாண்டார்கோவில்... செவந்தி அம்மா காளைடோய்! மகளிர் குழு சார்பா இந்தக் காளைக்கு ஒரு பித்தாள அண்டா! செவந்தி அம்மா காளை வருது! தொட்டுப்பாரு! முடிஞ்சாத் தொட்டுப்பாரு!"

பெண்கள் நின்ற பக்கமிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. ஜமீன் வெளியே வந்தது. ஓடவில்லை. நடுக்களத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றியது. பாய்ந்தவர்கள் எல்லாம் பாய்ந்த வேகத்திலேயே தடுப்பில் ஏறித் தொங்கினார்கள். ஒருத்தன் விரல்கூடத் திமிலில் படவில்லை. அது தலையை உதறிவிட்டு, திருவிழாவுக்கு வந்த பெரிய மனிதர்போல நடந்து போனது. அழகுமலை துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்தினார், அழுதார், பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் மைக்கில் வந்த பெயர் ஞாபகம் வந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை, அவ்வளவு பொறாமைப்பட்டதும் இல்லை.

மேடைக்கு ஓடினார். "டேய் கார்முகிலு, என்னடா இப்பிடிப் பண்ணிட்ட?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க துண்டு போட்டீங்க. அவுக அண்டா போட்டாக. விழாக் கமிட்டி நிதி நிலைமையையும் நான் பாக்கணும்ல?"

சாயங்காலம் சிறந்த காளை என்று ஜமீனை அறிவித்தார்கள். பரிசு, ஒரு ஸ்கூட்டி. அழகுமலை மீசையைத் தடவிக்கொண்டு மேடை ஏறினார். கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க யாருங்க?"

"நான் வந்து... காளைக்கு... ஓனரம்மாவுக்கு வீட்டுக்காரரு."

"ஓனரம்மா வந்து வாங்கட்டும். நீங்க அங்கிட்டுப் போயி மாட்டப் புடிங்க."

செவந்தி மேடையேறிச் சாவியை வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவின் ஓரத்தில் கயிறும், கயிற்றைப் பிடித்த ஒரு கையும் மட்டும் விழுந்திருக்கிறது. அது அழகுமலையின் கை.

குட்டியானையில் திரும்பும்போது முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அழகுமலைக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது.

"ரொம்பச் சந்தோசப்படாத. வண்டி வந்துருச்சுல்ல? இனிமே ஒன் ஆயிரத்த நிறுத்திருவாக."

"நாலு சக்கரம்னாத்தாங்க நிறுத்துவாக. இது ரெண்டு."

கொஞ்ச தூரம் போனது. அழகுமலை தொண்டையைச் செருமினார். "அடுத்த வருசம் ஜமீன எம்பேருக்கே மாத்திரலாமா?"

"தாராளமா மாத்தலாங்க. ஆனா சொத்து ஒங்க பேருக்கு வந்துட்டா மீன் துண்டு போயிருமே. காப்பியும் போயிரும். நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க."

அழகுமலை யோசித்தார். ஒரு பக்கம் மைக்கில் பெயர், வருஷத்துக்கு ஒரு தடவை. இன்னொரு பக்கம் பாறை மீன், புதனுக்குப் புதன். ஊர் வந்து சேரும் வரைக்கும் யோசித்தார்.

"ஒம்பேருலேயே இருக்கட்டும்."

"சரிங்க. அந்த ஆயிரத்தையும் பழையபடி வீட்டுச் செலவுல சேத்துருங்க. சீரமைப்பு வாபஸ்."

"சரி. நான் இனிமே என்னதான் பண்றது?"

"மாட்டப் பாத்துக்கங்க. சாணி அள்ளணும், தண்ணி காட்டணும். சும்மா இல்லைங்க, நூறு நாள் வேலை. கூலி உண்டு."

"மிச்ச நாளெல்லாம்?"

"அது சேவை."

"கூலி எப்ப வரும்?"

"மேலேருந்து நிதி வரணுங்க. வந்ததும் ஏறிரும்."

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் இருக்கும். முத்துராமன் கடையில் ஒருவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "எல்லாம் இந்த இலவசத்தால வந்த கேடு. என்ன அழகுமலை, நான் சொல்றது?" என்று ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அழகுமலையைப் பார்த்தார்கள். சாணி வாடையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த அழகுமலை மெதுவாகச் சொன்னார்: "அப்பிடி எல்லாத்தையும் ஒரேயடியாப் பேசிறக் கூடாதுப்பா. வாங்குறவுகளுக்குத்தான் தெரியும், அதுக்கு என்னென்ன கேள்வி கேக்குறாகன்னு."

முத்துராமன் மனம் இளகி ஒரு டீயை நீட்டினார். அழகுமலை ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். கிளாஸை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகும்போது அவருடைய சட்டைப் பையிலிருந்து மைக் கரகரத்தது. "செவந்தி அம்மா காளைடோய்! தொட்டுப்பாரு! முடிஞ்சாத் தொட்டுப்பாரு!" வாடிவாசலில் அவர் உயரப் பிடித்துப் பதிவு செய்ததுதான். ஓனரம்மா உத்தரவின்பேரில் அதுதான் இப்போது ரிங்டோன்.

அழகுமலை முதல் அடியிலேயே போனை எடுத்துவிட்டார். கிளாஸைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, எழுந்து நின்று பேசினார்.

"டீயா? நானா? கடைப் பக்கமே வரலைங்க."